தேய்ந்த கதவின் சாட்சியம்

கொல்லிமலையில் கோடை முடிந்து முதல் மழை இறங்கிய ஒரு மாலையில், நமது பங்கைச் சேர்ந்த தச்சர் ஒருவர் பங்கு இல்லத்துக்கு வந்தார். நனைந்த துண்டுக்குள் எதையோ சுற்றி வைத்திருந்தார். அவிழ்த்தபோது ஒரு முழ நீளப் பலகைத் துண்டு வெளிப்பட்டது. அதை மேசைமேல் வைத்து, "இதுக்கு என்ன வயசு இருக்கும்னு சொல்லுங்க சாமி" என்றார்.

நாம் அதைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தோம். வெளிர்நீலப் பெயின்ட், விளிம்புகளில் அது தேய்ந்து பழுப்பு தெரிந்தது. மூலைகளில் பலகாலத்து அழுக்கு. ஓரத்தில் பூச்சி துளைத்த சிறு ஓட்டைகள். நம் பாட்டி வீட்டுப் பாத்திர அலமாரியின் நினைவு வந்தது. "ஐம்பது, அறுபது வருடமாவது இருக்கும்" என்றோம். அவர் சிரிக்கவில்லை. "போன செவ்வாய்க்கிழமை அடிச்சது சாமி. மரம் சில்வர் ஓக். இது பாவமான்னு கேட்கத்தான் வந்தேன்" என்றார்.

செம்மேட்டிலிருந்து சற்றுத் தொலைவில், மலை காண வருவோர் தங்குவதற்காக வெளியூர் செல்வந்தர் ஒருவர் விடுதி வீடுகள் கட்டி வருகிறார். வீட்டுக்கொரு சமையலறை. அந்தச் சமையலறைகளின் அலமாரிக் கதவுகள் புதிதாக இருக்கவேண்டும், ஆனால் பழையனவாகத் தோன்றவேண்டும் என்பது அவரது விருப்பம். இம்மலையில் மிளகுக்கொடி படர்வதற்காக நட்டு வளர்த்த சில்வர் ஓக் மரத்தை அறுத்து, இழைத்து, பொருத்தி, பின்பு அதன்மேல் அரை நூற்றாண்டை ஏற்றும் வேலை நமது தச்சருக்கு வந்து சேர்ந்திருந்தது. கூலி வழக்கத்தைவிட ஒன்றரை மடங்கு.

எப்படி ஏற்றுகிறார் என்று கேட்டோம். கைத்தொழில் அறிந்தவர் எவரும் அதைப் பற்றிப் பேசும்போது முகம் மலர்வது இயல்பு. பாவம் புண்ணியத்தைச் சற்று நேரம் மறந்து அவர் விளக்கினார். முதலில் பலகைக்குப் பழுப்பு நிறம் பூசிக் காயவைக்கிறார். காய்ந்தபின், கைபட்டுத் தேயக்கூடிய இடங்கள் எவையோ அங்கெல்லாம் மெழுகுவர்த்தியைத் தேய்க்கிறார். அதன்மேல் நீலம். மெழுகு இருக்கும் இடத்தில் மேற்பூச்சு சரியாகப் பற்றுவதில்லை. உப்புத்தாளால் இலேசாகத் தேய்த்தால் அங்கு மட்டும் நீலம் உரிந்து அடியிலுள்ள பழுப்பு எட்டிப் பார்க்கும். பூச்சில் வெடிப்பு வேண்டுமென்றால் அதற்கும் வழியுண்டு. இரு பூச்சுகளுக்கிடையே மரம் ஒட்டும் வெள்ளைப் பசையைத் தடவி, அது முற்றிலும் காய்வதற்குள் தண்ணீரில் கரையும் பெயின்டைப் பூசினால், இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சுருங்கி, கோடையில் வற்றிய குளத்தின் சேறு போல மேற்பரப்பு பிளந்துகொள்ளும். சங்கிலியால் அடித்தால் அடிபட்ட குழிகள். ஆணி முனையால் குத்தினால் பூச்சி அரித்த துளைகள். கடைசியில் நீர்க்கக் கரைத்த கரும்பழுப்புச் சாயத்தைத் தடவி உடனே துடைத்துவிட்டால், அது மூலைமுடுக்குகளில் மட்டும் தங்கி, பல ஆண்டு அழுக்காகக் காட்சியளிக்கும். அந்த அழுக்கு அழிந்துவிடாமல் காக்க அதன்மேல் நிறமற்ற வார்னிஷ்!

மேலைநாடுகளில் இது நெடுநாளாக நடைபெறும் தொழில். 1990இல் ஆனி ஸ்லோன் என்ற பிரித்தானியப் பெண்மணி இவ்வேலைக்கு மிகவும் ஏற்ற 'சாக் பெயின்ட்' என்ற பூச்சை விற்பனைக்குக் கொண்டுவந்தபின், வீட்டிலிருப்போரும் தாமே செய்யத் தொடங்கினர். இவ்வாறு பழமை ஏற்றப்பட்ட பொருளுக்கு ஆங்கிலத்தில் 'டிஸ்ட்ரெஸ்டு' என்று பெயர். துயருற்றது, இன்னலுக்குள்ளானது என்று பொருள்படும் அதே சொல்தான். விலை கொடுத்து வாங்கும் துயரம் எப்போதும் அழகாகவே இருக்கிறது போலும்.

பாவமா என்ற கேள்விக்கு நாம் உடனே விடை சொன்னோம். இவ்வளவு விரைவாகச் சொல்லியிருக்கவேண்டாம் என்று இப்போது தோன்றுகிறது. ஆனால் குருமடத்தில் கற்ற அறநெறி இறையியல் நாவின் நுனியில் நின்றது. புனித தோமாஸ் அக்குவினார் தமது இறையியல் தொகுப்பில் பொய்யைப் பற்றிப் பேசிய கையோடு பாவனையைப் பற்றியும் பேசுகிறார். எல்லாப் பாவனையும் பொய்யாகிவிடாது என்பது அவர் தெளிவு. எம்மாவு செல்லும் வழியில் உயிர்த்த ஆண்டவர் இன்னும் நெடுந்தொலைவு போகிறவர்போல் காட்டிக்கொண்டதை எடுத்துக்காட்டாகக் கொண்டு, ஓர் உண்மையைக் குறித்து நிற்கும் தோற்றம் பொய்யன்று என்ற புனித அகுஸ்தினாரின் கருத்தை அவர் ஏற்கிறார். நம் பழைய கோவில்களில் செங்கல் தூணுக்குச் சலவைக்கல்போல வரியிட்டு வண்ணம் பூசியிருப்பதைக் கண்டு ஏமாந்து கெட்டவர் யார்? கிறிஸ்து பிறப்புக் குடிலுக்குக் காக்கித்தாளைக் கசக்கிச் சாயம் தெளித்துப் பாறை செய்கிறோம். குழந்தைகள்கூட அதைப் பாறை என்று நம்புவதில்லை. "வீட்டுக்காரருக்கு இது புதுசு என்று தெரியும். அவர் கேட்டு நீ செய்கிறாய். இதில் பாவம் ஒன்றுமில்லை" என்றோம்.

அவர் பலகையைத் திரும்பத் துண்டில் சுற்றினார். வாசல்வரை போனவர் நின்று, "வர்றவங்க கேட்டா, இந்த மலையில பழைய வீடுகளைப் பிரிச்சு எடுத்த கதவுன்னு சொல்லச் சொல்றார் சாமி" என்றார். பிறகு, தரையைப் பார்த்துக்கொண்டே, "எங்க அம்மா அலமாரியைப் பார்த்துத்தான் அடிச்சேன்" என்றும் சொன்னார்.

முதல் செய்திக்கு நம்மிடம் விடை இருந்தது. அக்குவினார் விற்பனை மோசடியைப் பற்றித் தனியே ஒரு பகுதி எழுதியிருக்கிறார். சொல்லித் தெரியவேண்டியதை மறைத்து விற்பதே தவறென்றால், இல்லாத வரலாற்றைச் சொல்லி மதிப்பை ஏற்றுவது எங்ஙனம் சரியாகும்? அங்கே பாவனை பொய்யாகிவிட்டது. அந்தச் சொல்லை உன் வாயால் சொல்லாதே என்றோம். இரண்டாவது செய்திக்கு எந்தப் பாடநூலிலும் இடம் தேடத் தெரியவில்லை.

இரண்டு நாள் கழித்து அவர் வீட்டுக்குப் போனோம். கீழ்நாட்டிலிருந்து இரண்டு தலைமுறைக்கு முன் மலையேறிய குடும்பம் அது. சமையலறையில் விறகடுப்பு. அதற்கு மேலே பரணில், புகை படும்படி, விதைக்கென்று நிறுத்திய சாமைக் கதிர்கள் தொங்கின. இம்மலையில் சாமையும் கேழ்வரகும் விளைந்த நிலங்களில் பலவற்றை ஆலைக்குச் செல்லும் மரவள்ளிக்கிழங்கு பிடித்துக்கொண்டபின் இக்காட்சி அருகிவருகிறது. அடுப்புக்கு எதிர்ச்சுவரில் அந்த அலமாரி நின்றது. தச்சரின் தந்தை, தம் திருமணத்தின்போது பலாமரத்தில் செய்தது. தேய்ந்த விளிம்புகளில் நீலத்துக்குக் கீழே பச்சையும், பச்சைக்குக் கீழே ஒரு செங்காவியும் தெரிந்தன. செங்காவி திருமணத்துக்கு அடித்தது என்றும், பச்சை மூத்த மகளின் மஞ்சள் நீராட்டுக்கு அடித்தது என்றும், நீலம் யாரோ பஞ்சாயத்துக் கட்டடத்துக்கு வாங்கி மிஞ்சியது என்றும் அந்த அம்மாள் விரலால் தொட்டுத் தொட்டுச் சொன்னார்கள். நாற்பத்தைந்து ஆண்டு வரலாறு ஒரு கதவின் ஓரத்தில் அடுக்காக இருந்தது.

அப்போதுதான் ஒன்றைக் கவனித்தோம். கதவின் தேய்மானம் நாம் எதிர்பார்க்கும் இடத்தில் இல்லை. கைப்பிடியைச் சுற்றி, வலக்கையால் பிடித்திழுக்கும்போது விரற்கணுக்கள் உரசக்கூடிய பக்கம் நீலம் அப்படியே இருந்தது. மறுபக்கம் மரமே தெரியுமளவு வழவழத்திருந்தது. அம்மாள் இடக்கைக்காரி. அடுப்பில் வலக்கை துழாவிக்கொண்டிருக்க, இடக்கையால் அந்தக் கதவை ஒரு நாளைக்கு இருபது முறை, முப்பது முறை திறந்து மூடியிருக்கிறார்கள். தச்சர் நமக்குக் காட்டிய பலகையிலும் தேய்வு அதே பக்கம்தான் இருந்தது. நமக்குத்தான் பார்க்கத் தெரியவில்லை. அவ்விடுதியில் வரிசையாக நிற்கப்போகும் கதவுகள் எல்லாவற்றிலும் அந்த அம்மாளின் இடக்கை பதிந்திருக்கிறது.

தங்குவோருக்கு இது தெரியப்போவதில்லை. கதவு இன்னும் அழகாகத்தான் இருக்கும். ஏனெனில், கைதேர்ந்தவரல்லாதவர் எல்லா ஓரங்களையும் ஒரே அளவாகத் தேய்த்துவிடுவார்கள். மெய்யான தேய்மானம் ஒருபோதும் சமமாக இருப்பதில்லை. ஒருவர் உயரம், ஒருவர் கை, அடுப்பு இருக்கும் திசை, சன்னல் வழி அடிக்கும் சாரல் ஆகிய எல்லாவற்றையும் அது கணக்கில் எழுதிவைக்கிறது. வேறு எழுத்தறியாத பலருடைய வாழ்க்கைக்கு அது ஒன்றே எழுத்து. அந்த எழுத்தைப் பார்த்தெழுதி விற்கலாமா, எழுதியவரைச் சொல்லாமல் விற்கலாமா என்பதுதான் நம் தச்சர் துண்டில் சுற்றிக் கொண்டுவந்த கேள்வி. நாம் அதைப் பொய்யா மெய்யா என்ற கேள்வியாகக் குறுக்கிவிட்டிருந்தோம்.

இத்தகைய பாவனைக்குப் பெரிய கலைஞரும் விலக்கல்லர். மைக்கேல் ஆஞ்சலோ இளைஞராயிருந்தபோது உறங்கும் காமதேவச் சிறுவன் சிலையொன்றைச் செதுக்கி, மண்ணுக்குள் கிடந்து எடுத்ததுபோல் அதற்குப் பழமை ஊட்டினார். 1496 அளவில் அது உரோமையில் பழஞ்சிலை என்ற பெயரில் கர்தினால் ரியாரியோவுக்கு விற்கப்பட்டது. கர்தினால் 200 தூகாத் கொடுத்ததாகவும், தரகர் சிற்பியிடம் 30 மட்டுமே சேர்த்ததாகவும் கலைஞரின் வரலாற்றை எழுதிய கொன்திவி கூறுகிறார். உண்மை வெளிப்பட்டதும் கர்தினால் சிலையைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தை வாங்கிக்கொண்டார். எனினும் இவ்வளவு நன்றாகச் செதுக்கிய கை எவருடையது என்று அறிய ஆவல்கொண்டார். சிற்பி உரோமைக்கு வர அதுவே வழியாயிற்று. இந்த நிகழ்ச்சியில் நம்மை ஈர்ப்பது, கர்தினால் கடைசியிலேனும் கையைத் தேடினார் என்பதே. கல்லின் வயது போனது. அதைச் செய்தவர் கிடைத்தார்.

கிபயோனியரின் வரலாற்றையும் இதனோடு வைத்துப் பார்க்கலாம். யோசுவாவின் படைக்கு அஞ்சிய அவர்கள், கிழிந்து தைத்த திராட்சை இரசத் தோற்பைகளும், ஒட்டுப்போட்ட மிதியடிகளும், நைந்த உடைகளும், காய்ந்து பூத்த அப்பங்களுமாகக் கில்கால் பாளையத்துக்கு வந்து, வெகுதொலைவிலிருந்து வருவதாகச் சொல்லி உடன்படிக்கை செய்துகொண்டார்கள். உண்மையில் அவர்கள் அண்டை ஊரார். அந்த மிதியடிகள் மெய்யாகவே தேய்ந்தவை, அப்பம் மெய்யாகவே காய்ந்தது. சொன்ன பாதைதான் பொய். இஸ்ரயேல் தலைவர்கள் அப்பத்தைச் சோதித்தார்கள், ஆண்டவரைக் கேட்கவில்லை என்று யோசுவா நூலாசிரியர் குறை கூறுகிறார். தேய்மானத்தை வாசித்துவிட்டோம் என்ற நிறைவில் கேட்கவேண்டியதைக் கேளாமல் விட்ட குற்றம் அது. விடுதிக்கு வருவோரும் கதவைப் பார்த்து மலைவாழ்வைப் பார்த்துவிட்டதாக எண்ணிக்கொள்ளக்கூடும். அதே மலையில், புகை படிந்த தன் சமையலறைக்கு வெளியார் எவரும் வந்துவிடலாகாதே என்று கூசும் ஒரு தாய், அழைக்கும் தூரத்தில்தான் இருப்பார்கள்.

பழமையை விரும்புவோரை நாம் பழிக்கவில்லை. காரைக்குடியில் முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகளைப் பார்த்திருக்கிறோம். பர்மாத் தேக்கில் செய்த தூண்களும் நிலைகளும், பீங்கான் பூசிய பாத்திரங்களும், பிரிக்கப்பட்ட செட்டிநாட்டு வீடுகளிலிருந்து அங்கு வந்து குவிகின்றன. கடல் கடந்து நடந்த வாணிகம் சரிந்து, வாரிசுகள் பல ஊர்களுக்குச் சிதறி, பெரிய வீட்டைக் காக்க இயலாமல் போனபின் வந்தவை அவை. அத்தூணை வாங்கிச் சென்று தன் வீட்டில் நிறுத்துபவன், தான் பிறக்குமுன்னும் உலகம் இருந்தது என்று தன் பிள்ளைக்குக் காட்ட விரும்புகிறான். நேற்று வந்த பிளைவுட் வீட்டில் வேரில்லாமல் இருக்கும் ஏக்கம் நியாயமானதே.

ஆயினும் நம் பெண்கள் தேய்மானத்தை ஒருபோதும் அழகென்று கொண்டாடியதில்லை. அம்மி வழுக்கினால் கொத்துகிறவரை அழைத்தார்கள். பித்தளைப் பாத்திரம் களிம்பேறினால் ஈயம் பூசினார்கள். பொங்கலுக்குச் சுண்ணாம்படித்தார்கள். நமது கோவில்களும் திருவிழாவுக்கு முன் வெள்ளையடிக்கப்படுகின்றன. தேய்வது அவர்களுக்கு உழைப்பின் செலவு. அதைத் திரும்பத் திரும்பப் புதுப்பிப்பதே இல்லறம். இந்த இடத்தில் நாமும் ஒன்றை ஒப்புக்கொள்ளவேண்டும். முன்னர் நாம் இருந்த ஒரு பங்கில், திருவுடைகள் வைக்கும் பழைய மர அலமாரி ஒன்றைப் பழைய சாமான் வாங்குபவரிடம் தள்ளிவிட்டு இரும்பு பீரோ வாங்கினோம். மூன்று தலைமுறைக் கோயிற்பிள்ளைமாரின் கை அதன் இழுப்பறை விளிம்பில் குழி செய்திருந்தது. அவர்களில் உயிரோடிருந்த ஒருவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

தேய்மானத்தைப் பற்றி எண்ணும்போது இம்மலையில் வாழ்ந்த ஓர் அம்மையார் நினைவுக்கு வராமலிருப்பதில்லை. பாப்டிஸ்ட் சபையைச் சேர்ந்த மறைப்பணியாளர் ஜெஸ்ஸி பிராண்ட் இம்மலையில் மரவீடு ஒன்றைத் தாமே எழுப்பி, தம் மனைவி ஈவ்லினோடு குடியேறினார். அவர்களின் மகன் பால் 1914இல் பிறந்தார். பின்னாளில் வேலூரில் தொழுநோயாளரின் முடங்கிய கைகளைச் சீர்செய்த அறுவை மருத்துவராகப் புகழ்பெற்றவர் அவரே. ஜெஸ்ஸி 1929இல் காய்ச்சலில் இறந்தார். ஈவ்லினோ, எழுபதை நெருங்கிய வயதில் சபை ஓய்வு கொடுத்தபின், தாமாகவே மலைக்குத் திரும்பி வந்து, மூங்கில் கழிகளை ஊன்றிக்கொண்டு ஊர் ஊராகச் சென்று, 1974இல் தமது 95ஆம் வயதில் மறையும்வரை உழைத்தார். இலண்டனில் செல்வக் குடும்பத்தில் பிறந்து ஓவியம் பயின்றவர் அவர். வாழ்வின் கடைசி இருபது ஆண்டுகள் தம் வீட்டில் கண்ணாடி வைத்துக்கொள்ள மறுத்துவிட்டார் என்று மகன் எழுதியிருக்கிறார். அழகைப் பார்க்கத் தெரிந்த அந்தக் கண்கள் தம் முகத்தின் சுருக்கங்களைப் பார்க்க விரும்பவில்லை. பிறர் பார்த்தார்கள், அதில் தங்கள் கதையை வாசித்தார்கள். அச்சுருக்கங்களில் எதையும் அவர் தமக்கென்று வரைந்துகொள்ளவில்லை.

தச்சரை மறுபடி சந்தித்தபோது இவற்றையெல்லாம் சொல்லவில்லை. அவருக்கு இரு பிள்ளைகள் படிக்கிறார்கள். வேலையை விடு என்று சொல்லும் உரிமை நமக்கில்லை, அதற்குக் காரணமும் இல்லை. "அம்மாவிடம் கேட்டாயா?" என்று மட்டும் கேட்டோம். கேட்டாராம். உரிமையாளர் அந்த மூல அலமாரியையே நல்ல விலைக்குக் கேட்டபோது, "வித்துட்டா அரிசிப் பானையை எங்கே வைக்கிறது?" என்று சொல்லி அனுப்பிய அம்மாள், பார்த்துச் செய்வதற்கு மட்டும் ஒன்றும் சொல்லவில்லையாம், மகன் எதற்காக அதைப் போய்க் கேட்கிறான் என்றே அவர்களுக்கு விளங்கவில்லை. ஆனால் தச்சர் தாமாக ஒன்று செய்திருந்தார். ஒவ்வொரு கதவின் உட்புறத்திலும், கீல் மறைக்கும் இடத்தில், தம் பெயரையும் ஆண்டையும் பென்சிலால் எழுதி, அதன்மேல் வார்னிஷ் அடித்துவிட்டார். உரிமையாளர் கண்டுகொண்டாரா என்று கேட்டோம். கண்டுகொண்டாராம். முகம் சுளித்தாராம், பிறகு, உள்ளேதானே இருக்கிறது என்று விட்டுவிட்டாராம். பழைய வீட்டுக் கதவு என்ற பேச்சும் இப்போது அவ்வளவாக எழுவதில்லை என்றார்.

வேலை முடிந்த அன்று அம்மாளை அழைத்துப்போய்க் காட்டினார். நாமும் அவ்வழியே வந்ததால் கூடப் போனோம். வழவழப்பான கல் மேடை, அதற்குமேல் வரிசையாக நீலக் கதவுகள். அம்மாள் செருப்பை வெளியே கழற்றிவிட்டு உள்ளே வந்து, ஒரு கதவருகே போய், இடக்கையை நீட்டிக் கைப்பிடியைப் பிடித்தார்கள். விரற்கணுக்கள் தேய்ந்த இடத்தில் சரியாகப் போய்ப் பொருந்தின. அவர்கள் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. கண் மூலையிலிருந்த கருமையில் நின்றது. முந்தானையின் நுனியைக் குழாய்த் தண்ணீரில் நனைத்து அதைத் துடைத்தார்கள். போகவில்லை. இன்னும் அழுத்தித் துடைத்தார்கள். பிறகு மகனைத் திரும்பிப் பார்த்து, சாமி முன்னால் இப்படி மானத்தை வாங்குகிறாயே என்ற குரலில், "ஏண்டா, அழுக்கைத் துடைக்காமலேயா கதவை மாட்டினே?" என்றார்கள்.